கையில் குத்திய மாண்டலின்

அண்ணை,

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கோடை விழா. வாசலில் நின்ற பெட்டை என் மணிக்கட்டைப் பிடித்து முத்திரை குத்தினாள். சூரியன் படம், ஊதா மை. அந்த மை மணம் மூக்கில் ஏறியதும் கையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. உங்களுக்கு விளங்கும்.

போன கோடையில் நாங்கள் ஆற்றுக்கு இக்கரையில், ஒரே அகதி இல்லத்தில் இருந்தோம். தஞ்சம் கேட்டு விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. பாலத்தின் நடுவோடு எங்கள் மாவட்டம் முடிந்தது. அக்கரைச் சின்ன ஊரில் புளூகிராஸ் விழா என்று மின்கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு என்று வாசித்துச் சொன்னேன். நீங்கள் எழுத்தைப் பார்க்கவில்லை, தாளில் இருந்த மாண்டலினைத்தான் பார்த்தீர்கள். ஊரில் இசைக்கோஷ்டியில் மாண்டலின் வாசித்த கை, இரண்டு வருடமாக இல்லத்துச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது.

"புளூகிராஸ் எண்டா என்னடா?"

"நீலப் புல் அண்ணை."

"அதைத் திண்ட மாட்டின்ரை பால் என்ன நிறம்?"

"அக்கரைக்கு வாங்கோ, கறந்து காட்டுறன்."

வரமாட்டேன் என்றீர்கள். "ஞாயிற்றுக்கிழமையிலை பொலிசும் சேர்ச்சுக்குப் போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே உங்களைப் பாலம் தாண்ட வைத்தது நான்.

விழா வாசலில் தொப்பி போட்ட ஒரு கிழவர் பெயர் கேட்கவில்லை, அட்டை கேட்கவில்லை. மாண்டலின் படமும் ஊர்ப் பெயரும் உள்ள முத்திரையை எங்கள் கைகளில் குத்தினார். நீங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இரண்டு வருசமா ஒரு முத்திரைக்குத்தானேடா காத்திருக்கிறன்."

"ஊரிலை அடிச்சாங்கள், இங்கை குத்துறாங்கள். கழுவிப்போடாதேங்கோ, ஜெர்மனி தந்த முதல் முத்திரை."

மதியத்தில் ஒரு வாத்தியக்காரர் தன் மாண்டலினை உங்கள் மடியில் வைத்தார். நீங்கள் வாசித்தது எங்கள் ஊர் மெட்டு. சுற்றி நின்றவர்கள் அதற்கும் காலால் தாளம் போட்டார்கள். உட்கார்ந்திருந்தது வைக்கோல் கட்டின் மேல், உங்களுக்கு வைக்கோல் தூசி ஆகாது என்பதை இருவருமே மறந்துவிட்டோம். மெட்டு முடியமுதல் உங்களுக்கு இழுப்புத் தொடங்கியது. முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடிப்போய் மூச்சு வரவில்லை என்று டொச் மொழியில் கத்தினேன். முகத்தில் மருந்துக் குழாய் வைத்தார்கள். அரை மணித்தியாலத்தில் நெஞ்சு ஆறியது.

திரும்பி வரும்போது பாலத்தில் கேட்டீர்கள்: "மூச்சு வரேல்லை எண்டு எப்பிடிடா சொன்னனி? எனக்கும் சொல்லித் தா."

"ஏன்? நான் இருக்கிறன் தானே."

செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்களுக்கு டெர்மின், வரச்சொல்லி நேரம் குறித்திருந்தார்கள். மொழிபெயர்க்க வழக்கம்போல நான். நீங்கள் கையைக் கழுவியிருக்கவில்லை. மங்கலாக, ஆனால் வாசிக்கக்கூடியதாக, அந்த ஊரின் பெயர் மணிக்கட்டில் இருந்தது. அதிகாரி அம்மா பேனையால் அதைக் காட்டி, "அங்கே போனாரா?" என்று கேட்டா.

"என்னவாம்?" என்றீர்கள்.

பொய் சொல்ல எனக்கு ஒருநாளும் நேரம் எடுத்ததில்லை. அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை. பயத்தில் பழைய பகிடிதான் வந்தது.

"பாட்டு நல்லா இருந்ததோ எண்டு கேக்கிறா."

உங்கள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. என்னை விட்டுவிட்டு நேரே அவவைப் பார்த்தீர்கள். "யா, யா. மூசிக் கூட்." விரல்கள் காற்றில் தந்தியை மீட்டின.

அவ எழுதிக்கொண்டா.

இரண்டு மாதத்தில் உங்களைத் தூர இல்லத்துக்கு மாற்றினார்கள். அதனால்தானா, எப்படியும் மாற்றியிருப்பார்களா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அங்கே தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. உங்களைப் பார்க்க அனுமதி கேட்டு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் இல்லை என்றார்கள். பாலத்தைப் பகிடியோடு தாண்டிய நான் அப்போது தாண்டவில்லை. எனக்கும் பயம் வந்திருந்தது.

மார்கழியில் ஒரு காலை அந்த இல்லத்துப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னார், இரவோடு நீங்கள் போய்விட்டீர்கள் என்று. நீங்கள் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்களாம். அறையில் இருந்தவர்கள் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்களாம். ஒன்றல்ல, இரண்டு குவளை.

அண்ணை, நாலே நாலு சொல். பாலத்தில் நடந்த நேரத்துக்குள் பாடமாக்கியிருப்பீர்கள்.

போன கிழமை இங்கே, எங்கள் இல்லத்தில், உங்கள் பழைய கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். வவுனியாப் பக்கம். நல்ல சுகதேகி. டொச் சொல்லித் தரச் சொன்னார். முதலில் அந்த நாலு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: இஷ் கிரீகெ கைனெ லுஃப்ட்.

"வணக்கம் சொல்லவோ தம்பி?"

"இல்லை. எனக்கு மூச்சு வரேல்லை எண்டு."

சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார். சொன்னார், பிழை. திரும்பச் சொன்னார். பத்தாம் தடவை சரியாக வந்தது.

"போதும் தம்பி, பாடமாயிட்டுது."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.