ஊசிக்கு ஏலம் போட்ட அக்காவுக்கு

என் பிரியத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய தனபாக்கியம் அக்கா,

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கத்தான் நடக்கிறது. ஆனால் உங்கள் இடத்தில் இப்போது நிற்கிறவர் மன்னிப்புக் கேட்கிறவர்போல விலை கூறுகிறார். எங்கள் ஞாயிறு ஆராதனைக்கு இப்போது ஒரு இடைஞ்சலும் இல்லை. என் பிரசங்கம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கிறது. அதனால் பலர் தூங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்தைச் சபையின் மாதப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். ஆகவே நீங்கள் பேசிய பேச்சில் பாதியை நான் எழுத முடியாது. மீதிப் பாதியிலும் பத்திரிகாசிரியர் கை வைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். தெற்கே வேதம் படித்து முடித்த கையோடு, ராயபுரம் கடலோரத்தில் இருந்த இந்தச் சின்னச் சபைக்குப் போதகராக என்னை அனுப்பியிருந்தார்கள். வந்த வாரமே ஆர்மோனியத்தைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, சபையில் எனக்கு உதவியாக இருந்த உபதேசியாரோடு தெருப் பிரசங்கத்துக்குப் புறப்பட்டேன். கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். உங்களைச் சுற்றித்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று, "அன்பான சகோதர சகோதரிகளே" என்று ஆரம்பித்தேன். "ஒரு தரம்!" என்றீர்கள். "பரலோக ராஜ்யமானது" என்றேன். "ரெண்டு தரம்!" என்றீர்கள். மூன்றாம் தரத்துக்குள் எனக்கென்று நின்ற நாலு பேரும் உங்கள் பக்கம் வந்துவிட்டார்கள்.

ஏலம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தீர்கள். "இன்னா பாதிரி, வாய்க்குள்ளயே பேசிக்கினு கீறே? மேல கீறவருக்குக் கேக்கறது அப்பால. மொதல்ல எனக்குக் கேக்க வாணாமா?" என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "துன்னியா?" என்றீர்கள். தின்னவில்லை. ஒரு காகிதத்தில் நாலு கானாங்கெளுத்தியைச் சுற்றிக் கையில் திணித்தீர்கள். அதை எப்படி ஆய்வது என்று எனக்கும் தெரியாது, உபதேசியாருக்கும் தெரியாது. எங்கள் சபைக் கோயில் பூனைக்குத் தெரிந்திருந்தது.

ஒரு போதகரின் பகல் எப்படிப் போகும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்? ஜெபம், தியானம், வேதவாசிப்பு. என் பகல் டீயில் போனது. வீடு சந்திப்புக்குப் போனால் வீட்டுக்கு வீடு டீ. வேண்டாம் என்று சொன்னால், "எங்க வூட்ல குடிக்கமாட்டியா சாமி?" என்று முகம் வாடிவிடும். அந்த வாட்டத்துக்குப் பின்னால் எத்தனை காலத்துக் காயம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்திருந்தது. ஆகவே குடித்தேன். காலடிப்பேட்டை வரைக்கும் போய்த் திரும்பும்போது சைக்கிளில் உட்காரவே முடியாது. "பாதிரி வயித்துல கால்வாயே ஓடுது" என்று நீங்கள் கரையெல்லாம் சொல்லி வைத்தீர்கள்.

அந்த ஐப்பசியில் வாந்திபேதி வந்தது. பக்கத்துத் தெருவில் வலை பின்னுகிற ஒருவரும் அவருடைய மகளும் ஒரே நாளில் போனார்கள். இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போனபோது நான் வாசலில் நின்றேன்.

மறுநாள் தடுப்பூசி போட ஆட்கள் வந்தார்கள். நம் தெருவில் கதவுகளெல்லாம் சாத்திக்கொண்டன. தெருமுனையில் இடுப்பில் கைவைத்து நின்றது நீங்கள். "ஊசி போட்டா கை வீங்கும், காய்ச்ச வரும். ரெண்டு நாளு கடலுக்குப் போவாம வூட்ல குந்திக்கினா, சோறு நீ போடுவியா?" என்று கேட்டீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

இருந்தாலும் முந்தின நாள் பார்த்தது என் கண்ணிலேயே நின்றது. முன்னே வந்து, "அக்கா, ஊசி நல்லது. உயிரைக் காப்பாற்றும்" என்றேன்.

"நீ போட்டுக்கினியா?"

உபதேசியார் இருமினார். அவருக்கு என் கதை தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த வந்தபோது கோயில் மணிக்கூண்டில் ஏறி ஒளிந்து, சாயங்காலம் வரைக்கும் இறங்காதவன் நான். ஆனாலும் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது: "நாளைக் காலையில் கோயில் வாசலில், உங்கள் எல்லாருக்கும் முன்னால் போட்டுக்கொள்கிறேன். காய்ச்சலில் படுக்கிறவர்களுக்குக் கோயிலிலேயே கஞ்சி ஊற்றுகிறேன்."

மறுநாள் வந்த கூட்டம் கிறிஸ்துமஸுக்குக்கூட வந்ததில்லை. கட்டுமரமெல்லாம் கரையில் கிடந்தது. வேடிக்கை பார்க்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள், நீங்கள் உட்பட. நான் தைரியத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினேன். ஊசிக்காரர் ஸ்டவ்வில் கொதித்த பாத்திரத்தின் மூடியை இடுக்கியால் தூக்கினார். உள்ளே இருந்தது எனக்கு வலை தைக்கிற ஊசிபோலத் தெரிந்தது. சட்டைக் கையை மடக்கினேன். கையில் ஏதோ சில்லென்று பட்டது. அடுத்து நான் பார்த்தது வானத்தை.

முகமெல்லாம் ஈரம். மீன் வாடை. கூடையிலிருந்து வடிந்த தண்ணீரை நீங்கள் என் மூஞ்சியில் அடித்திருந்தீர்கள். தலைக்கு மேலே ஊசிக்காரர் பரிதாபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னும் ஊசியே போடலீங்க. பஞ்சைத்தான் வச்சேன்."

அக்கா, அந்தச் சிரிப்பில் கடல் சத்தமே கேட்கவில்லை. உபதேசியாரும் சிரித்தார். என் ஊழியம் இதோடு முடிந்தது, அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான் என்று படுத்தபடியே முடிவு செய்தேன். அப்போதுதான் நீங்கள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினீர்கள்.

"இன்னா சிரிப்பு? இந்தப் புள்ள இம்மாம் பயத்த வச்சிக்கினு, நமக்காவ வந்து கைய நீட்டிச்சே! நாம வேடிக்க பாக்கவா வந்தோம்? குத்துய்யா எனக்கு!"

போட்டுக்கொண்டீர்கள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு கோயில் படியில் ஏறி நின்று தொண்டையைத் திறந்தீர்கள். "அடுத்தது யாரு? பாதிரி கணக்கா மயங்கி வுயாம நிக்கிற ஆம்பள எவன்? ஒரு தரம்! இன்னாடா, பாதிரியோட சேந்து நீங்களும் படுத்துக்கிறீங்களா? ரெண்டு தரம்!"

மூன்றாம் தரம் சொல்லத் தேவைப்படவில்லை. ஆண்கள் முண்டியடித்தார்கள். ஒவ்வொருவரும் போட்டுக்கொண்டதும் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மார்பை நிமிர்த்திப் போனார்கள். என்னைவிடத் தைரியசாலி என்று காட்டிக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒருவரை மட்டும் காணவில்லை, உங்கள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமாவை. ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கடியிலிருந்து அவரை இரண்டு பேர் இழுத்து வந்தார்கள்.

கடைசியில் உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "பாதிரிக்குப் போட்டாச்சா?"

நான் ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்தேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் கண்ணை மூடினீர்கள். "நீ உன் சாமியக் கூப்டு. நான் எங்க அங்காளம்மாவக் கூப்பிடறேன். யாரு மொதல்ல வர்றாங்கன்னு பாப்போம்" என்றீர்கள். யார் முதலில் வந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வலித்தது. ஆனால் விழவில்லை.

அடுத்த நாள் நம் தெரு முழுவதும் வீங்கிய கையோடு கோயிலில் படுத்துக் கிடந்தது. நானும் உபதேசியாரும் காய்ச்சிய கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கஞ்சியா, கப்பலுக்குப் பூசற தாரா?" என்று கேட்டுக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டீர்கள். வலது கை தூக்க முடியாததால் இடது கையால் கிளறினீர்கள். சபைப் பெரியவர்கள் சிலர், கோயிலில் மீன் வாடை போகவில்லை என்று மேலிடத்துக்குப் புகார் சொன்னார்கள். வாடை உண்மைதான். ஆனால் அந்த மழைக்காலத்தில் நம் தெருவிலிருந்து யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதற்குமேல் நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

பல வருஷங்கள் கழித்து, போன மாதம் உங்களைத் தூக்கத்தான் நான் தோள் கொடுத்தேன். ஏலத்துக்கு நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தீர்களாம். தலை சாய்ந்ததாம். மருத்துவருக்கு ஆள் ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக உங்களால் எப்படி முடிந்தது? அதுவும் உங்களால்?

மூலக்கொத்தளம் மயானம் வரைக்கும் மேளத்தோடு போனோம். நான் வெள்ளை அங்கியோடு நடந்தேன். மறுவாரம் ஒரு சபைப் பெரியவர், "ஐயா, சாவு மேளத்துக்கு ஆடினீர்களாமே?" என்று கேட்டார். "தள்ளிவிட்டார்கள்" என்றேன். அது உண்மை. முதல் தடவை தள்ளித்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு கால் தானாகப் போனது. அதை அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். மாமா சாப்பிடுவதில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்தனுப்புகிற சோறெல்லாம் மூடி வைத்தபடியே இருந்தது. நேற்று சாயங்காலம் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"வூட்ல சத்தமே இல்ல சாமி. அவ திட்டுவா, நான் துன்னுடுவேன். இப்ப சோறு எறங்கல. நீ ஒரு தபா திட்டேன்."

"எனக்குத் திட்டிப் பழக்கமில்லையே மாமா."

"சும்மா திட்டு சாமி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மாமா, நீங்கள் இப்படிச் சாப்பிடாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது" என்றேன்.

என் பக்கம் திரும்பினார். "இதுக்கு நான் பட்டினியே கெடப்பேன்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் இந்தக் கரையில் காதில் விழுந்ததையெல்லாம் திரட்டினேன். "யோவ் கஸ்மாலம்! ஆக்கி வச்ச சோத்த எவன் துன்னுவான், உங்கொப்பனா? எயுந்து கையக் கயுவு, கய்தே!"

தெருவில் இரண்டு கதவுகள் திறந்தன. வெளியே வேதப்புத்தகத்தோடு நின்றிருந்த உபதேசியார் மெதுவாக அடுத்த வீட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார். மாமா சிரித்தார் அக்கா. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எங்கே சிரிப்பு நின்று எங்கே அழுகை தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அவளோடதுல பாதிகூட இல்ல. ஆனா பரவால்ல" என்றார். தட்டை இழுத்துக்கொண்டார்.

இதைப் பத்திரிகையில் போடுவார்களோ மாட்டார்களோ, உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் மாலை ஜெபம் முடிந்ததும் மாமாவைப் போய்த் திட்டுவேன். அவர் தானாகச் சோற்றைப் போட்டுச் சாப்பிடும் வரைக்கும் விடமாட்டேன். கைவசம் இருக்கிற வார்த்தைகள் இந்த வாரத்துக்குப் போதும். தீர்ந்துபோனால் கரையில் போய்க் கற்றுக்கொண்டு வருகிறேன். ஆண்டவரிடம் அதற்கு நான் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களுக்குக் கூடப்பிறக்காமலே தம்பியாகிவிட்ட,
பாதிரி