மதுராவுக்கு இல்லாத தொய்வு

திங்கள், ஜூலை 7

விடிந்ததிலிருந்து மழை. ஹேர்னிங்கிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். மகள் ம.வுக்கு வழி முழுக்கக் காதில் பாட்டு. ஏழு கேள்வி கேட்டேன். ஒன்றுக்குத்தான் பதில், அதுவும் டேனிஷில், அதுவும் ‘இல்லை’.

கொண்டுவந்தவை: ம.வின் கம்பு, கம்பிக் கண்ணாடி, பல்லுக்கு வைக்கும் ரப்பர். எனக்கு வேலைச் சப்பாத்து, தலையிடிக் குளிசை, ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூள். ஐந்து நாள் இவர்களுடைய சாப்பாடு, சும்மா இல்லை.

இளம்பிள்ளைகளுக்கான லக்ரோஸ் முகாம். இடம் பல்கலைக்கழகம். கோடை விடுமுறை, படிக்கிறவர்கள் ஒருவரும் இல்லை. இந்த வாசலால் என் மகள் ஒருநாள் புத்தகத்தோடு நுழைவாள் என்று நினைத்திருந்தேன். பதினைந்து வயதில் வலை கட்டிய கம்போடு நுழைந்தாள்.

பெற்றோர் ஒரு நாள் சமையலுக்கு உதவினால் போதுமாம். நான் வேலையில் லீவு போட்டு ஐந்து நாளும் எழுதிக் கொடுத்தேன். காவலுக்கு வந்திருக்கிறேன் என்று ம.வுக்குத் தெரியும். அதுதான் அந்த உம்மென்ற முகம்.

வந்தது நல்லதாகப் போயிற்று. அறுபது பிள்ளைகள், பெடியன்கள், பெட்டைகள், எல்லோருக்கும் ஒரே மண்டபத்தில் படுக்கை. நடுவில் பிரிப்புக்கு நாலு வாங்கு, இருக்கிற பலகை. வாங்கு! கதவு இல்லை, திரை இல்லை. பெயர் பதிகிற இடத்தில் நின்ற பயிற்சியாளரிடம் கேட்டேன். மெட்டே என்று பெயர், வயது இருபத்தாறு இருக்கும், ஒரு பக்கத் தலையை வழித்திருக்கிறாள். பெட்டைகளுக்கு வேறு அறை இல்லையா? சிரித்தாள். “நித்திரை கொள்ளத்தானே போகிறார்கள்” என்றாள்.

என் பிள்ளையின் நித்திரையைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கிறாள். ம. காரிலிருந்து பை எடுக்கப் போயிருந்தாள். சொன்னேன்: மதுராவுக்குத் தொய்வு இருக்கிறது. ஆஸ்துமா. மண்டபத்துத் தூசு ஒத்துவராது. உடனே எழுதிக்கொண்டாள். இரண்டாம் மாடியில் ஒரு வகுப்பறை கிடைத்தது, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும். வென்றேன்.

ம.விடம் மண்டபத்தில் இடம் போதவில்லையாம் என்று சொன்னேன். என்னையே பார்த்தாள். மெத்தையைக் கரும்பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை அணித் தெரிவு. ஒக்டோபரில் ஹொலண்டில் போட்டி, பதினாறு பேர் போகலாம். ம.வுக்கு இரண்டு வருடமாக இந்த ஒரு கதைதான். எங்கள் கராஜ் சுவர் முழுக்கப் பந்து பட்ட வட்டங்கள்.

செவ்வாய்

தூறல். ஐந்தரைக்கு எழும்பினேன்.

சமையலறைக்குப் பொறுப்பு கார்ஸ்டன், ஒரு பெடியனின் தகப்பன், வங்கியில் வேலையாம். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறான். கத்தி, கத்தி வைக்கிற இடம், துடைக்கிற துணி, கை துடைக்கிற துணி. நான் வெட்டிய வெள்ளரிக்காய் மெல்லிசாம். “இங்கே மனதில் பட்டதைச் சொல்லிவிடுவோம், பிழையாக எடுக்காதே” என்றான். பிழையாகத்தான் எடுத்தேன்.

மத்தியானம்: கறுப்புப் பாண், ஈரல் பசை, அந்த வெள்ளரிக்காய்.

பத்து மணி தேத்தண்ணிக்குப் பிறகு மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். விளையாட்டா இது. சின்ன மீன்வலையைக் கம்பில் கட்டி, கல்லுப் போன்ற பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓட்டம். மற்றவள் கம்பால் அந்தக் கம்பில் அடிக்கிறாள். முகத்தில் கம்பிக் கண்ணாடி, வாயில் ரப்பர். ஆட்டுப் பட்டியில் நாய் புகுந்தது மாதிரிச் சத்தம். ஆனால் ம. ஓடினால் பார்க்கலாம். பந்து வலைக்குள் ஒட்டிக்கொண்டே போகிறது. என் பிள்ளையென்று சொல்லவில்லை, அவ்வளவு பேருக்குள்ளும் அவள்தான் வேகம்.

பத்து நிமிடம் விட்டாள் மெட்டே. பிறகு கை காட்டி வெளியே எடுத்தாள். திரும்ப ஐந்து நிமிடம், திரும்ப வெளியே. வேறு ஒருத்தியையும் அப்படி எடுக்கவில்லை. பின்னேரமும் அதே கதை. ம. ஒன்றும் கேட்காமல் போய் வாங்கில் இருக்கிறாள். தண்ணீர் குடிக்கிறாள். 

எனக்குத் தெரியும் இது என்னவென்று. இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். மஞ்சள் தலைமயிர் எல்லாம் ஓடுகிறது, கறுத்த பிள்ளை வாங்கில். கார்ஸ்டனிடமே சொன்னேன், நிறம் பார்க்கிறாள் என்று. முகம் சிவந்துபோய், “அது பாரதூரமான குற்றச்சாட்டு” என்றான். மனதில் பட்டதைச் சொல்லலாம் என்றானே.

கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டைகள். “மதுரா எங்கே படுக்கிறாள்?” “அம்மாவோடு.” “ஏன்?” “தெரியாது.” பிறகு சிரிப்பு.

புதன்

வெயில். பல்கலைக்கழகப் புல்லில் பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் மாதிரிக் கிடக்கிறார்கள்.

ம. காலையில் என்னோடு கதைத்தது: ‘பற்பசை.’

பதினொரு மணிக்கு மெட்டே சமையலறைக்கே வந்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நின்றேன். மதுராவின் மூச்சு மருந்து எங்கே என்று கேட்டாள். அந்தப் பம்ப். மைதானத்தில் எப்போதும் ஒன்று இருக்க வேண்டுமாம், திங்களிலிருந்து காத்திருக்கிறாளாம். அது இல்லாதபடியால்தான் ஒவ்வொரு பத்து நிமிடமும் இருத்தி வைக்கிறாளாம். மூச்சைக் கவனித்து எழுதியும் வைத்திருக்கிறாள்: நேரம், எத்தனை ஓட்டம், இளைப்பு உண்டா. காட்டினாள்.

கையில் உருளைக்கிழங்கு. காது இரண்டும் சுட்டது. நேற்று நான் கார்ஸ்டனிடம் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். “வீட்டில் மறந்துவிட்டேன்” என்றேன்.

தகப்பனைக் கொண்டுவரச் சொல்ல வேண்டுமாம். மருந்து வரும்வரை முழு ஆட்டத்தில் இறக்க முடியாதாம், பொறுப்பு தன்னுடையதாம்.

வீட்டுக்கு, இவருக்குப் போன் எடுத்தேன்.

“எந்த மருந்து? ஆருக்குத் தொய்வு?”

சொன்னேன். 

“நீரெல்லோ வயசானவையைப் பாக்கிற வேலை செய்யிறனீர். இல்லாத வருத்தத்தை இருக்கெண்டு அங்க எழுதுவீரோ?”

“எழுதமாட்டன்.”

“அப்ப போய்ச் சொல்லும்.”

“என்னெண்டு சொல்லுறது? பொய்க்காரி எண்டெல்லோ நினைப்பினம்.”

“நினைக்கத்தானே வேணும்.”

வைத்துவிட்டேன். எரிச்சல் பிடித்த மனுசன். ஒரு நாளும் ஒரு பக்கம் நிற்கமாட்டார்.

இவர்களுக்கு விளங்காது. எங்கள் ஆட்களிடம் ‘பிள்ளைக்குச் சுகமில்லை’ என்றால் அது மரியாதையான ‘மாட்டேன்’. கேட்கிறவர் “ஓமோம், கவனமாப் பாருங்கோ” என்பார், அத்தோடு முடிந்தது. போன மாதம் விபோர்க்கில் ஒரு சாமத்தியவீடு, பெட்டை பெரியபிள்ளையான விழா. போக விருப்பமில்லை, எனக்குக் ‘காய்ச்சல்’. இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்காரியைக் கடையில் கண்டேன். முருங்கைக்காய் விலையைப் பற்றிக் கதைத்தோம். காய்ச்சலைப் பற்றி அவ வாயே திறக்கவில்லை. அது நாகரிகம். இந்த மெட்டே என்னவென்றால் மருந்து கேட்கிறாள், குறிப்பு எழுதுகிறாள்.

நாளைக்குச் சொல்வேன். காலையில் முதல் வேலை.

வியாழன்

வெயில், காற்று. முட்டை 90 அவித்தேன்.

காலையில் மெட்டேயைச் சுற்றி ஆட்கள். பத்து மணிக்கும் ஆட்கள். மத்தியானம் நான் சோஸ் கிளறிக்கொண்டு நின்றேன். இப்படித்தான் போயிற்று. சாட்டு என்று எனக்கே தெரியும்.

இரண்டு மணிக்குத் தெரிவு ஆட்டம். ம. முழு நேரமும் வாங்கில், கண்ணாடியும் மாட்டிக்கொண்டு. கழற்றவேயில்லை.

நாலு மணிக்கு மண்டபக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். பதினாறு பெயர். இரண்டு தரம் பார்த்தேன், ஏதோ நான் பார்த்தால் முளைத்துவிடும் என்று.

ஐந்து மணியிருக்கும், ம. சமையலறைக்கு வந்தாள். கார்ஸ்டன் பக்கத்தில் தட்டு அடுக்குகிறான். அவள் தமிழில் கதைத்தாள். ஐந்தாறு வருடமாக நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. கார்ஸ்டனுக்கு விளங்கக்கூடாது என்றுதான், வேறென்ன.

“எனக்குத் தொய்வு எண்டு நீங்கள் சொன்னனீங்கள்.”

கேள்வி இல்லை. சொன்னாள்.

“உனக்கு ஆர் சொன்னது?”

“மெட்டே. திங்கட்கிழமையே கேட்டவ.”

“நீ என்ன சொன்னனி?”

“ஓம் எண்டு சொன்னன். சின்னனிலயிருந்து இருக்கெண்டு சொன்னன். இல்லையெண்டு சொன்னால் நீங்கள் பொய் சொன்னதாப் போகும். எல்லாருக்கும் முன்னால.”

துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன்.

“நீங்கள் போய்ச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும்.”

தட்டு அடுக்குகிற சத்தம். போய்விட்டாள். கார்ஸ்டன் “எல்லாம் சரியா?” என்று கேட்டான். சரி என்றேன். அதுவும் பொய்.

வெள்ளி

முகில். கடைசி நாள். மெத்தைகளைச் சுருட்டிக் காரில் வைத்தேன். பெற்றோர்கள் பிள்ளைகளை ஏற்ற வந்துகொண்டிருந்தார்கள்.

மெட்டே மைதானத்தில் கோல் வலையைக் கழற்றிக்கொண்டு நின்றாள். போனேன். எனக்குத் தெரிந்தது வேலையிடத்து டேனிஷ்: எழும்புங்கள், திரும்புங்கள், நோகிறதா. மன்னிப்புக் கேட்கிற டேனிஷ் அதற்குள் இல்லை. ஆனாலும் சொன்னேன். மதுராவுக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. மண்டபத்தில் படுக்க விட எனக்கு விருப்பமில்லை, அதற்காகச் சொன்ன பொய்.

வலையைக் கீழே வைத்தாள்.

“மதுராவும் இருக்கிறது என்று சொன்னாளே.”

“எனக்காகச் சொன்னாள்.”

“அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்” என்றாள். “உங்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் உடம்பைப் பற்றி என் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிற பிள்ளையை நான் எப்படி வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது?”

குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன்.

ம.வைக் கூப்பிட்டாள். ம. வந்து நின்றாள். இரண்டே சொல், டேனிஷில், புல்லைப் பார்த்துக்கொண்டு: பொய் சொன்னேன். என் பிள்ளை அப்படித் தலை குனிந்து நின்றதை இந்தப் பிறவியில் மறக்கமாட்டேன். நான் வாயைத் திறந்திருக்காவிட்டால் அவள் வருத்தக்காரியாக மட்டும் போயிருப்பாள். இப்போது பொய்க்காரியுமாக்கிவிட்டேன்.

அதோடு எனக்கு விசர்க் கோபம் வந்தது. நாலு வாங்கு! ஒரு கதவு போட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா? நீ பிள்ளை பெற்றவளா? அரைவாசி டேனிஷ், அரைவாசி தமிழ். வந்த பெற்றோர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கார்ஸ்டன் கையில் சட்டியோடு அப்படியே நின்றான்.

“அம்மா. காணும், நிப்பாட்டுங்கோ.” ம.

மெட்டே நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ம.வைப் பார்த்துத்தான் கதைத்தாள், என்னை அல்ல. பட்டியல் மாறாது. ஓகஸ்டில் ஒரு வார இறுதி இருக்கிறது, இதே இடத்தில். அணிக்கு மேலதிக ஆட்கள் இரண்டு பேரை அப்போது எடுப்பார்கள். வரலாம், ஆனால் படிவத்தை நீயே நிரப்ப வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, “சமையலுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்” என்றாள்.

விளங்கியது.

காரில் ம. பின்சீற்றில் ஏறினாள். முன்சீற்றில் ஒன்றுமில்லை, அவளுடைய பைதான். பாதி வழியில்தான் கதைத்தாள்.

“ஏன் இண்டைக்குச் சொன்னீங்கள்?”

“உண்மை எண்டபடியால்.”

“உண்மை திங்கட்கிழமையும் இருந்தது.”

ஹேர்னிங் வரும்வரை வேறு கதை இல்லை. பெற்றோல் அடித்தேன். அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கினேன். உருகும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

சனி

நல்ல வெயில். உடுப்புத் தோய்த்தேன், மூன்று தரம். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் மெட்டேயைப் பிடிக்கவில்லை. அவள் பிழை ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் கூடுதலாகப் பிடிக்கவில்லை.

பின்னேரம் முழுக்கக் கராஜ் சுவரில் பந்து. டம், டம். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். நான் திரும்ப முறைத்தேன். உள்ளே போய்விட்டான்.

ஞாயிறு

முகில். மத்தியானம் கணவாய்க் கறி. ம. சாப்பிட்டாள், இரண்டாம் தரமும் போட்டாள். 

மூன்று மணிக்கு ஒரு தாளோடு வந்தாள். ஓகஸ்ட் முகாமின் படிவம். எல்லாம் பேனையால், அவளுடைய எழுத்தில். வருத்தம்: இல்லை. மருந்து: இல்லை. படுக்கை: மண்டபம். போக்குவரத்து: ரயில், தனியாக. எனக்கு விட்டிருந்தது அடியில் ஒரு கோடு, கையெழுத்துக்கு.

வாங்கின் கதை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். சின்ன வயதில் இவள் காய்ச்சலோடு கிடந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். “போய்ட்டு வா, பிள்ளை” என்றேன்.

தாளை வாங்கினாள். முன்பக்கம் முழுக்க ஒருதரம் வாசித்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், நான் வேறேதாவது எழுதியிருக்கிறேனா என்று.