பெருமாள் சம்பந்தி கொடுத்த ஞானஸ்நானம்

எங்கள் குடும்பத்துக்குப் போப்பாண்டவராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்ட என் அருமை அத்தானுக்கு,

அங்கே சௌகரியம்தானே? அக்காவும் பக்கத்தில்தான் இருப்பாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து வானதூதர்களின் பாட்டில் சுருதிக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். கிள்ளான் சேதி ஒன்று வைத்திருக்கிறேன். உட்கார்ந்து கேளுங்கள், நின்றபடி கேட்டால் மேகத்திலிருந்து வழுக்கி விழுந்துவிடுவீர்கள்.

உங்கள் மகள் ஸ்டெல்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அவசரக்காரப் பயல், நாள் நிறையும் முன்பே வந்துவிட்டான். என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் மிச்ச இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம், அவ்வளவுதான் இருந்தான். பயப்படாதீர்கள். இப்போது அவன் அழுதால் கிள்ளான் துறைமுகத்துக் கப்பல்கள் புறப்படும் நேரம் ஆகிவிட்டதென்று நினைத்துக் கிளம்பிப் போகின்றன. ஆனால் பிறந்த அன்று சாயங்காலம், "வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

குழந்தை போவதற்குள் ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும். ஸ்டெல்லாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தாள். மாப்பிள்ளை குமார் தூரத்தில், ஜொகூரில் வேலையில் இருந்தான். கிள்ளான் பங்கு ஃபாதர் ஏதோ கூட்டத்துக்காக என் வீட்டுப் பக்கம் பிரிக்பீல்ட்ஸ் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், அவரை என் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். அத்தான், அந்த மழையைப் பார்த்திருந்தால் நோவாவே குடை வாங்கியிருப்பார்! ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் வேர்விட்டு, இலைவிட்டு, காய்க்கத் தொடங்கிவிட்டன.

அப்போது குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். யார் தெரியுமா? உங்கள் சம்பந்தி பெருமாள்! தைப்பூசம் தவறாமல் பத்துமலைக்குக் காவடி எடுக்கும் அதே லோரிக்காரர். நீங்கள் 'விபூதி டிப்போ' என்று பட்டம் சூட்ட, பதிலுக்கு உங்களை 'வத்திகான் தூதர்' என்று கூப்பிட்டாரே, அதே மனிதர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் பிரிவின் கதவு மூடியிருந்தது. உள்ளே டாக்டர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள், யாரையும் விடவில்லை. வெளியே சம்பந்தி, வேட்டி நனைந்து, முகம் வெளுத்து நின்றார்.

"ஃபாதர், மன்னிச்சுக்குங்க. மருமக அந்த வார்டுல படுத்தபடியே ஃபோன்ல சொல்லச் சொல்ல நானே குடுத்துட்டேன். அதுக்கு ஒரே அழுகை. 'எங்கப்பா இருந்தா செல்லாதுன்னுதான் சொல்வாரு, நான் எம்புள்ளைய ஏமாத்திட்டேன்'னு சொல்லிச் சொல்லி அழுவுது."

சரிதானே அத்தான்? உங்கள் வாயில் அதிகம் புழங்கிய வார்த்தை எது? சாமியார் கொட்டாவி விட்டதால் பூசை செல்லாது என்றீர்கள். மோதிரம் கீழே உருண்டது, கல்யாணம் செல்லாது என்றீர்கள். என் பாவசங்கீர்த்தனத்தை மட்டும் ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்தீர்கள். இல்லாத நீங்கள் அந்தப் பெண்ணின் காதில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கதவோ மூடிக் கிடக்கிறது. திரும்பக் கொடுக்கவும் வழியில்லை.

ஃபாதர் சம்பந்தியை நாற்காலியில் உட்கார வைத்தார். "என்ன தண்ணி அங்கிள்?"

"நர்ஸ் பொண்ணு சிரிஞ்சில நல்ல தண்ணி குடுத்துச்சு."

"தலையில ஓடுச்சா?"

"நெத்தியில விட்டேன், காதோரம் ஓடுச்சு. விடும்போதே சொன்னேன் ஃபாதர். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு. ஒரு வார்த்தை விடல. காவடிக்குக்கூட நான் இப்படி மனப்பாடம் பண்ணதில்ல."

"என்ன நினைச்சுக் குடுத்தீங்க?"

சம்பந்தி விழித்தார். "எனக்கு என்னா தெரியும் லா? உங்க கோயில்ல நீங்க என்ன செய்வீங்களோ அதைத்தான் செய்யணும்னு நினைச்சேன். மருமக கேட்டது அதானே?" பிறகு குரல் அடங்கியது. "ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு. முடிஞ்சதும் கைப்பழக்கத்துல மடியில இருந்த விபூதிய எடுத்து நெத்தியில வச்சுட்டேன். நர்ஸ் திட்டித் துடைச்சு விட்டுச்சு. அதனால கெட்டுப்போச்சா ஃபாதர்?"

ஃபாதர் சிரித்துவிட்டார்.

"தண்ணி ஓடி, வார்த்தை முடிஞ்ச அந்த நிமிஷமே ஞானஸ்நானம் முடிஞ்சுபோச்சு அங்கிள். அப்புறம் எது வச்சாலும் அதை அழிக்க முடியாது. உயிர் ஆபத்துன்னா யார் வேணும்னாலும் குடுக்கலாம். குடுக்கிறவரு ஞானஸ்நானம் வாங்கியிருக்கணும்னுகூட இல்ல. திருச்சபை செய்யறதைச் செய்யணும்னு நினைச்சீங்கல்ல, அது போதும். இது செல்லும். இனிமே போப்பாண்டவரே வந்தாலும் இவனுக்குத் திரும்பக் குடுக்க முடியாது."

கேட்டீர்களா அத்தான்? உமது அப்பீல் தள்ளுபடி!

எழுந்த ஃபாதர் திரும்பி, "அது சரி, என்ன பேர் சொன்னீங்க?" என்றார். மருமகள் அழுத அழுகையில் பேரைச் சொல்ல மறந்திருக்கிறாள். சம்பந்தி தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்ச வேதக்காரன் அந்த ஆள் ஒருத்தன்தான் ஃபாதர். சூசைன்னு சொல்லிட்டேன்."

உங்கள் பெயர், அத்தான். உங்களோடு பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் ஆறும்வரை சண்டை போட்ட மனிதரின் வாயிலிருந்து! அவர் கண் துடைத்ததை நான் பார்க்கவில்லை. என் கண்ணில் ஏனோ கிள்ளான் ஆறே புகுந்திருந்தது.

ஃபாதர் போய்ச் சொன்னதும் ஸ்டெல்லா தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். 'ஈத்தன்' என்று வைக்க இருந்த குமார்கூட, "இருக்கட்டும், அப்பா தண்ணி ஊத்தி வச்ச பேரு" என்று விட்டுக்கொடுத்துவிட்டான்.

பயல் பிழைத்து, கொழுத்து, வீட்டுக்கு வந்தாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். தண்ணீர் கிடையாது, அது முடிந்த கதை. விட்டுப்போன சடங்குகளான தைலமும் வெள்ளைத் துணியும் மெழுகுவர்த்தியும்தான். சம்பந்தி, "நான் வேற சாமி கும்பிடறவன், பின்னால நிக்கிறேன் லா" என்று அடம்பிடிக்கிறார். வாக்குக் கொடுக்கிறேன் அத்தான்: வேட்டியைப் பிடித்து இழுத்தாவது அவரை முதல் வரிசையில், பேரனை மடியில் கொடுத்து உட்கார வைப்பேன். அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டு மேலிருந்து பாருங்கள்.

இப்படிக்கு,
"டேய் சூசை, வாயை மூடுறா!" என்று உங்கள் பெயரைச் சொல்லி அதட்டும் பாக்கியத்தை இந்த வயதில் பெற்றுவிட்ட,
உங்கள் ஒரே மைத்துனன்
ரஃபேல்