மரத்தில் பட்ட குண்டு

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது வருகிறதா பார்க்கலாம்.

இன்று குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரித் தோப்பில் ஏர்சாஃப்ட் ஆடினோம். மறுபடியும் என் அணிதான் ஜெயித்தது. பொம்மைத் துப்பாக்கி, பிளாஸ்டிக் குண்டு. நடுவர் கிடையாது. குண்டு பட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

கடைசியில் எதிரணியில் முருகன் மட்டும் மிச்சம். நிலக்கரி மைன்ஸில் நான் இன்சார்ஜாக இருக்கும் ஷிப்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். நான் சுட்டேன். குண்டு அவனுக்கு ஒரு முழம் தள்ளி மரத்தில் பட்டுத் தெறித்தது. கண்ணால் பார்த்தேன். அவன் கையைத் தூக்கிவிட்டான்.

"படலையே முருகா, நின்னு ஆடு" என்றேன்.

"இல்லீங்க சார், பட்டுச்சு. தோள்ல எரிஞ்சிக்கினு இருக்கு" என்று சிரித்தபடி நடந்தான்.

என் அணி கை தட்டியது. "சார் பிளான் போட்டா தப்பாதுங்க" என்றான் ஒருவன். நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

முருகனுக்குக் கான்ட்ராக்ட் இந்த மாதம் முடிகிறது. அவனை வைத்துக்கொள்ளலாமா என்று என்னைத்தான் கேட்பார்கள். அதற்காகவா கையைத் தூக்கினான்? அவனிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் மிரண்டுவிடுவான்.

போன வாரம் மைன்ஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, அணியை எப்படி நடத்த வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். இதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அத்தனை ஆட்டத்தையும் இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எதிரணியில் என் ஷிப்ட் ஆள் இல்லாத ஆட்டம் ஒன்றுகூட இல்லை.