கால் தேறிய பிறகு

என்னங்க,

நேற்றுப் படிக்கட்டில் விழுந்த உங்களைத் தூக்கும்போது, "ஒரேயடியா ரோட்டு வரைக்கும் போகணுமா?" என்று கேட்டேன். "வாசலோட நின்னா நான் எப்ப புள்ள மறுபடி ரப்பர் பால் வெட்டப் போறது?" என்று கத்தினீர்கள். நானும் அழுதுகொண்டே போய்ப் படுத்துவிட்டேன்.

ரப்பர் மரத்தின் பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுவிடும், தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும் என்று எனக்குப் பழக்கியது நீங்கள்தானே? வாதம் வந்த காலுக்கும் அதுதான். இன்றைக்கு வாசல் வரை போதும். நாளைக்கு ஓர் எட்டு கூட வைக்கலாம்.

ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டுச் செலினா அக்காவிடம் இருக்கிறது. அவர் வரும்வரை தனியாக எழும்ப வேண்டாம்.

உங்கள் பால் வெட்டும் கத்தியை ராத்திரியே தீட்டி, இன்றைக்கு நான் வேலைக்கு எடுத்துப் போகிறேன். நீங்கள் மறுபடி என்னோடு ரப்பர் மலைக்கு வேலைக்கு வருவீர்களா என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்துத்தான் அழுதேன், நீங்கள் கத்தியதற்கு இல்லை.

கலா

இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்குப் போனாலும் டவுனுக்குப் போனாலும் நீங்கள் முன்னால், நான் பின்னால். ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கால் தேறியதும் முன்னால் போய்விடாதீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வாருங்கள்.