முருங்கைக் கொலனிக்கு வந்த மருங்காக்காரி

மே 11, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் கூட்டக் கூட்ட மண். பாலர் பாடசாலைக் கூரைத் தகடு ஒன்று காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆணி வாங்க வேண்டும். பிள்ளைகள் இன்று பதினேழு பேர். மற்றவர்களுக்கு அம்மை என்கிறார்கள்.

பிள்ளைகள் போனதும் கொலனிச் சங்கத் தலைவர் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே பேச்சு.

"ரீச்சர், சனிக்கிழமை வாறாங்களாம். அவுஸ்திரேலியாவில இரிந்து. மருங்கா ஆக்கள்."

எங்கள் கொலனியின் பெயரே மருங்காதான். சிட்னிக்குப் பக்கத்தில் அப்படி ஓர் ஊர். சுனாமிக்குப் பிறகு அவர்கள் சேர்த்து அனுப்பிய காசில்தான் இந்த நாற்பது வீடும். பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. பஸ் கொண்டக்டர் முதல் நாளே "முருங்கை இறங்கு" என்றான். அன்றிலிருந்து முருங்கைக் கொலனி. இந்த உவர்ப் புல்வெளித் தரவையில் ஒரு முருங்கையும் தழைக்கவில்லை.

தலைவரின் கவலை வேறு. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கடல் தொழிலுக்குப் போகும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கரைக்கே திரும்பிவிட்டார்கள். முகத்துவாரத்துப் பக்கம், பழைய ஊர் இருந்த மணலில் வாடி என்று ஓலைக் குடிசை கட்டிக்கொண்டு. சிலர் குடும்பத்தோடு. என் வீட்டுக்காரர் தனியாக.

"சனிக்கிழமை எல்லா வீடும் திறந்திரிக்கணும். கொடியில உடுப்புக் கிடக்கணும். நீங்கதான் இங்கிலீசில கதைக்கணும்."

"பூட்டின வீட்டப் பத்திக் கேட்டா?"

"கேக்கமாட்டாங்க. சிரிச்சிட்டுப் போவாங்க."

மே 12, செவ்வாய்

வெயில். தலையிடி.

சாவி கேட்டு எல்லாருக்கும் ஆள் அனுப்பியாயிற்று. வளவுகளில் புல் வெட்டல். பெயர்ப்பலகையில் காகத்தின் எச்சம், கழுவ வேண்டும். இளநீர் தலைவர் பொறுப்பு. கதிரை கோயிலில் வாங்கலாம்.

பக்கத்து வீட்டுத் தங்கேசு சனிக்கிழமை இரண்டு வீட்டுக்காரியாக நிற்க வேண்டும். சொந்த வீடு ஒன்று, பூட்டிக் கிடக்கும் வாசலோரத்து வீடு ஒன்று.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் எப்பிடி ரீச்சரக்கா நிக்கிற?"

"சேலைய மாத்துகா."

சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு. அவளுடைய அக்கா வன்னியில் கலியாணம் செய்தவள், இப்போது அங்கே சண்டைக்குள். தை மாதத்துக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அடுப்படிக்குப் போனாலும் கிணற்றடிக்குப் போனாலும் தங்கேசின் இடுப்பில் ஒரு சின்ன ரேடியோ, செய்தி கேட்க.

பின்னேரம் என் வீட்டுக்காரருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"சனிக்கிழமை வரட்டாம். வீட்டுக்காரரா நிக்கணுமாம்."

காற்று இரைச்சலுக்கு மேலால், "கீரி மீன் படுகுது. வரல்ல."

வைத்துவிட்டார்.

முதல் வருடம் இங்கேதான் இருந்தார். பிறகு நாள்தோறும் சைக்கிளில் போய் வந்தார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். இப்போது ஞாயிறு மத்தியானம் வருவார், சாப்பிடுவார், படுப்பார், போவார். என்னையும் கூப்பிட்டார், இரண்டு தரம். எனக்குக் கரைக்குப் போகும் கல்லடிப் பாலம் தாண்டக் கால் வராது. எங்கள் மகள் சுபாவைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. எட்டு வயது. தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் இவர் கூப்பிடவில்லை. என்னை விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். சண்டை இல்லை. சண்டை என்றால் ஒருநாள் முடியும்.

மே 14, வியாழன்

ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டை மூன்று தரம் கூட்டினேன். தேங்காய் துருவப் போய் துருவாமல் வந்தேன்.

தலைவர் சொல்லப்போகும் "எமது கிராமத்தின் வரலாறு" இங்கிலீசில் எழுதி முடித்தேன். முழுக்க நன்றி. நன்றி தவிர வரலாறு இல்லை.

நானாக எழுதினால்: முதலில் இது மாடு மேய்ந்த தரவை. தறப்பாள் கொட்டிலில் ஒரு வருடம். பாம்பு. ஒரே குழாய்க்கு இரண்டு பாதைக்காரரும் பிடித்த சண்டை. வீடு தந்த அடுத்த மார்கழியில் முழங்காலளவு வெள்ளம். கடலுக்குத் தப்பி வந்தும் தண்ணீர் விடவில்லை என்று மீன்காரக் கந்தப்பர் கட்டிலில் இருந்து சிரித்தது. இங்கே முதல் செத்தது அவர்தான். சுடலை எது என்று யாருக்கும் தெரியாமல் பிரேதத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றோம். முதல் கலியாணம், மின்சாரம் வந்த அதே கிழமை. பிறகு பின்பக்கக் கிராமங்களில் சண்டை, ஷெல் சத்தம், எங்கள் பாலர் பாடசாலையில் இடம்பெயர்ந்த சனம். அப்போது நாங்கள் சோறு சமைத்தோம். அன்றைக்குத்தான் இது ஊர் மாதிரி இருந்தது.

இதை யார் வாசிக்கப் போகிறார்கள்.

மே 16, சனி

வந்தது ஒரே ஒரு ஆள். மிஸிஸ் கோரி. எழுபது தாண்டியிருக்கும். நல்ல உயரம். ஓலைத்தொப்பி, காதில் கேட்கும் மெஷின். மற்றவர்கள் நாட்டு நிலைமைக்குப் பயந்து கொழும்போடு நின்றுவிட்டார்களாம். வழியில் ஆமிச் சென்றிகளில் எத்தனை தரம் இறக்கினார்கள் என்று சிரித்துச் சொன்னார்.

மாலை போட்டோம். பிள்ளைகளின் பாட்டு. ஒருத்தி மூத்திரம் பெய்துவிட்டாள்.

பிறகு வீடு பார்த்தல். மனுசி மெதுவாக நடக்கும் என்று தலைவர் கணக்குப் போட்டிருந்தார். இல்லை. விறுவிறுவென்று ஒவ்வொரு வாசலுக்கும் போனார். வாசலோரத்து வீட்டில் தங்கேசு நீலச் சேலையோடு கும்பிட்டாள். பின்வளவால் ஓடி, சொந்த வீட்டில் சிவப்புச் சேலையோடு கும்பிட்டாள். இரைப்பு அடங்கவில்லை. மிஸிஸ் கோரி நின்று பார்த்தார்.

"இவரை நான் இப்போதுதானே கண்டேன்?"

மொழிபெயர்த்தேன். தங்கேசு, "அது என்ட தங்கச்சி எண்டு சொல்லுங்க" என்றாள். இடுப்பில் அதே ரேடியோ.

மிஸிஸ் கோரி உள்ளே போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சூடு. அடுத்த வீட்டில் தொட்டார். சில்லென்று கிடந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

பாலர் பாடசாலையில் இளநீர். தலைவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மிஸிஸ் கோரி என் பக்கம் திரும்பினார். "எத்தனை வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்."

தலைவர் என்னைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீசு தெரியாது. கேள்வி விளங்கிவிட்டது.

"பாதி வீட்டில்," என்றேன். "மற்றவர்கள் கடற்கரையில். என் கணவரும் அங்கேதான்."

தலைவரின் முகம் கறுத்துப் போயிற்று. "என்ன ரீச்சர் சொன்ன நீங்க? இனி ஒரு ஆணிகூடத் தரமாட்டாங்க."

மிஸிஸ் கோரி கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. இளநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தன் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் தமிழில் சொல்லச் சொல்லச் சனம் கிட்ட வந்து இருந்தது.

பிறந்தது ஒல்லாந்தில். சிறுமியாக இருந்தபோது குளிர்காலத்தில் கடல் அணையை உடைத்து ஊருக்குள் வந்ததாம். தம்பியும் பாட்டனும் போய்விட்டார்கள். அடுத்த வருடம் தகப்பன் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றினார். கடலே தெரியாத இடம் வேண்டும் என்றாராம். கிடைத்தது மருங்கா. முன்னர் தோடம்பழத் தோட்டம். அரசாங்கம் வெட்டித் துண்டு துண்டாகக் கொடுத்தது. அஸ்பெஸ்டஸ் சீற் வீடுகள். கக்கூஸ் வளவின் அந்தத்தில், வாளி வைத்தது. பாதையெல்லாம் சேறு. வேலைக்குப் போகும் பெண்கள் பஸ் தரிப்பு வரை சேற்றுச் சப்பாத்தோடு நடப்பார்களாம். அதைப் பற்றைக்குள் ஒளித்துவிட்டு நல்ல சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்களாம்.

"கள்ளன் எடுக்கமாட்டானா?" யாரோ கேட்டார்கள்.

"அந்தச் சேற்றில் கள்ளனும் வரமாட்டான்."

எல்லாரும் சேர்ந்து முதலில் கட்டியது ஒரு மண்டபம். இத்தாலிக்காரரின் கலியாணம், ஒல்லாந்தரின் நத்தார், பிறகு லெபனான் ஆட்கள், வியட்நாம் ஆட்கள். இப்போது சனிக்கிழமைகளில் அங்கே தமிழ் வகுப்பு. அவருடைய பக்கத்து வீட்டில் மட்டக்களப்புத் தம்பதி. கடல் வந்த கிழமை அந்தப் பெண் சுவரில் சாய்ந்து அழுததைக் கண்டுதான் இவர் காசு சேர்க்கத் தொடங்கினாராம். மண்டபத்து வாசலில் கேக்கும் வடையும் விற்று.

போகும்போது என் கையைப் பிடித்தார். "நாளைக்கு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள்."

முடியாது என்று சொல்ல இங்கிலீசு வரவில்லை.

மே 17, ஞாயிறு

ஓட்டோவில் நானும் அவரும். புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டையைக் காட்டினேன். "எங்கள் ஆட்கள் கேட்காமல் வந்து பிடித்தது. மன்னிக்கவும்," என்றார். கல்லடிப் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பாலம் அதிர்ந்தது. திறந்தபோது மணல் பாதை, வலப்பக்கம் கடல். சத்தம் அதே சத்தம். ஓட்டோவை நிற்பாட்டி ஓரத்தில் சத்தி எடுத்தேன். மிஸிஸ் கோரி முதுகைத் தடவினார்.

இவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். என்ன செய்வதென்று தெரியாமல் சாரத்தைத் தட்டினார். "வந்திட்டியா," என்றார்.

எங்கள் பழைய வீட்டின் அத்திவாரம் இருக்கிறது. பக்கத்திலேயே வாடி. சுத்தமாகக் கூட்டியிருந்தது.

மிஸிஸ் கோரி கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் இருந்தார். நானும் அப்படியே. எதிரே ஆறு, அந்தப் பக்கம் தென்னைகள். இவர் கீரி பொரித்துத் தந்தார். மனுசி முள்ளோடு தின்றது. அணை உடைந்ததையும் அவர்கள் மருங்காவுக்குப் போனதையும் இவருக்குச் சொன்னேன்.

"தந்த வீட்டில் என்ன குறை?" என்று இவரிடம் கேட்கச் சொன்னார்.

"வீட்டில ஒரு குறையும் இல்ல. நல்ல வீடு. விடிய எழும்பினா அங்க காத்து எந்தப் பக்கம் எண்டு தெரியுதில்ல எண்டு சொல்லு."

சொன்னேன். இவர் சட்டியில் மீனைத் திருப்பினார். பிறகு திரும்பிப் பார்க்காமல், "அவட அம்மா அங்க போய்ப் பழகினாவா எண்டு கேள்," என்றார்.

கேட்டேன். மிஸிஸ் கோரி இல்லை என்றார். அம்மா பெட்டியைக் கடைசிவரை கட்டிலுக்குக் கீழேதான் வைத்திருந்தாராம். தம்பியை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்பாராம், சாகும்வரை. செத்தபோது மண்டபம் கொள்ளாமல் சனம் பாதையில் நின்றதாம்.

இவர் சட்டியை இறக்கினார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுதான். உனக்கு அங்க அக்கம்பக்கம் ஆக்கள் இரிக்கு. பள்ளிக்கூடம் இரிக்கு. புள்ள இஞ்ச தனியக் கிடக்கும். அதுதான் நான் நிக்கிறன். மீனுக்கில்ல."

நாலரை வருடத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் என்ன சொன்னார் என்று மிஸிஸ் கோரி கேட்டார். மொழிபெயர்க்கவில்லை. அவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மே 18, திங்கள்

மிஸிஸ் கோரி விடியவே கொழும்புக்கு. தலைவரிடம் ஒன்று சொல்லச் சொன்னார்: வீட்டைப் பூட்டுவதும் திறப்பதும் அவரவர் விருப்பம், மருங்காவில் யாரும் கோபிக்க மாட்டார்கள். சொன்னேன். "மெய்யாவா ரீச்சர்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மத்தியானம் ரேடியோ. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாம், எல்லாம். பட்டணப் பக்கம் வெடி. முதலில் துவக்கு என்று நினைத்துப் பிள்ளைகளை மேசைக்குக் கீழே இருத்தினேன். சீன வெடியாம். பாடசாலையை மூடினேன்.

தங்கேசு ரேடியோவை நிற்பாட்டிவிட்டாள். கதவடியில் இருந்தாள், கால் நீட்டி. பக்கத்தில் இருந்தேன். "ஒண்டும் சொல்லாதிங்கக்கா," என்றாள்.

மே 19, செவ்வாய்

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். என்ன நடக்குமோ என்ற பயம். வலை, சட்டி, நாய் சகிதம். இவரும். நாற்பது வீடும் திறந்தது, எல்லா அடுப்பிலும் புகை. குழாயடியில் பழைய மாதிரிச் சண்டை. வெற்றிக்கு அரசாங்கத்தின் சிங்கக்கொடி கட்ட வேண்டுமாம் என்று தலைவர் தலை குனிந்தபடி வந்தார். சிலர் கட்டினார்கள்.

இவர் கூரைத் தகட்டுக்கு ஆணி அடித்துத் தந்தார். நான் ஏணியைப் பிடித்தேன். கோபமில்லை.

மே 21, வியாழன்

தங்கேசின் அக்காவை வவுனியா முகாமில் கண்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளோடு. புருசனைக் காணவில்லையாம். தங்கேசு அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. முகாமுக்குள் எப்படிப் போவது என்று விசாரிக்கத் தலைவர் பிரதேச செயலகம் போயிருக்கிறார்.

ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்புகிறார்கள். இவர் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் வாறன்," என்றேன்.

பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயிறு வரைக்கும்தான். திங்கக்கிழமை புள்ளையள் வரும்."

"ஓம்," என்றார். "ஓம். சரி."

மே 22, வெள்ளி

வாடியில் இருந்து எழுதுகிறேன். பாலத்தில் கண் மூடவில்லை. காற்று சைக்கிளைச் சாய்த்தது.

அத்திவாரத்தில் குந்தியிருந்து சுபாவைப் பற்றிக் கதைத்தோம். எந்த முட்டாசி இனிப்புப் பிடிக்கும், பல் விழுந்த அன்று என்ன சொன்னாள். எனக்கு நினைவில்லாதது சில இவருக்கு இருந்தது.

"பயமா இரிக்கா?"

"ஓம்."

"எனக்கும்தான். எந்த நாளும்."

கரைவலை வளைத்துவிட்டார்கள், இழுக்க ஆள் காணாது என்று கூப்பிடுவது கேட்டது. இவர் ஓடினார். எழும்பி நானும் போனேன். பெண் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, இடம் விட்டார்கள். கயிற்றைப் பிடித்தேன். அலை கணுக்காலுக்கு வந்து போனது. இழுத்தேன். மீன் கொஞ்சம்தான். உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயிற்று, பேனை பிடிக்க எரிகிறது.