இவர் சொல்லாத ‘வாங்க’

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. எட்டு மணிக்குத்தான் வெயில்.

இவர் போய் இன்றோடு பதினாறு நாள். வேதக்காரர்களான எங்களுக்கு முப்பதாம் நாள் பூசைதான் கணக்கு. ஆனாலும் மனம் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை:
- கேஸ் சிலிண்டருக்குப் பதிய
- பூசைக்குக் கோயிலில் சொல்ல
- இவருடைய சட்டைகளைக் காசியிடம் கொடுக்க (நீலக் கட்டம் போட்டது மட்டும் எனக்கு)
- வாடகைப் பாத்திரக் கடைச் சாவி எங்கே?

சாவி எதற்கென்றால், மதியம் சென்னையிலிருந்து அருள் போன். “அம்மா, எடைக்காரர்ட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை வந்து பாத்திரம் எல்லாத்தையும் எடைக்கு எடுத்துக்கிறாரு. நீ எங்ககூட வந்துடு. அந்தக் கடைய வச்சிக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?”

சரி என்றேன். டீச்சராக முப்பத்தைந்து வருடம் சிலேட்டிலும் நோட்டிலும் ‘சரி’ போட்ட கை. வாய்க்கும் அதே பழக்கம்.

போனை வைத்ததும் என் மேலேயே எரிச்சல். மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஜனவரி 21, புதன்

சாவி அரிசி டின்னுக்குள். இவர் வைக்கிற இடமெல்லாம் இப்படித்தான்.

காசியோடு கடைக்குப் போனேன். காசிக்குக் குரும்பகரம் ஊர். கடையில் இருபத்தெட்டு வருடமாக வேலை. விற்பதற்கு முன் எல்லாவற்றையும் துடைத்து அடுக்க வேண்டும் என்று சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை நனைத்தார்.

அண்டா பெரியது 14, நடுத்தரம் 22. தேக்சா 31. கரண்டி, ஜல்லிக்கரண்டி சாக்கில். நாற்காலி அறுநூறுக்குப் பக்கம். பந்திப் பாய். வடிதட்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாக ‘தெ’ என்று வெட்டியிருக்கிறது. தெரசா, நான்தான். கடைக்காரர் பெயரைத்தானே வெட்டுவார்கள் என்று அப்போதே கேட்டதற்கு இவர், “எம்பேர வெட்டுனா தொலைஞ்சா தொலையட்டும்னு இருந்துருவேன். ஒம்பேருன்னா தேடிப் போவேன்ல” என்றார். இந்தக் கொஞ்சலை முப்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்.

இவர் படித்தது ஐந்தாவது. பத்தொன்பது வயதில் வேறொருவர் கடைக்கு மூன்று சக்கர வண்டியில் பாத்திரம் ஏற்றி மிதித்தவர். அங்கே ஒதுக்கிப் போட்ட இரண்டு ஒடுங்கிய அண்டாவை வாங்கித் தட்டி நிமிர்த்தி, அதுதான் முதல் கடை. எங்கள் கல்யாணத்துக்கு அந்த இரண்டிலேயேதான் சமையல். “சொந்தப் பாத்திரம் இருக்கையில வாடகைக்கு எடுக்குறதா?” என்று வீம்பு. இரண்டாம் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது. பூவத்தில் என் அண்ணன் வீட்டில் இன்றைக்கும் அதுதான் பேச்சு.

எத்தனை வேலை இருந்தாலும் ஏழரைக்கு வீட்டில் இருப்பார். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் தட்டில் கை வைப்பார். “ஊருக்கே பந்தி வைக்கிறோம். நம்ம வீட்ல ஆளுக்கொரு நேரம் திங்கிறதா?” அருளும் அவன் தங்கையும் பரீட்சை என்றாலும் தப்ப முடியாது.

கிளம்பும்போது காசி: “ஞாயித்துக்கிழமை திருவேட்டக்குடி கல்யாணம் இருக்கு டீச்சர். அண்ணன் வாக்குக் குடுத்தது.”

வேறு கடையில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

ஜனவரி 22, வியாழன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடை ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். பத்து மணி இருக்கும். ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். நாற்பது வயது, கசங்கிய வேட்டி. நான் இந்தக் கடையில் உட்கார்ந்ததே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களைக் கேட்கிற மாதிரியே கேட்டேன். “வாங்க, வாங்க. உக்காருங்க. என்ன விசேஷம்?”

அவர் நின்றபடியே நின்றார். “அம்மா காலையில தவறிட்டாங்க. நாற்காலி வேணும்.”

துக்கத்துக்கு வந்தவரை வாங்க என்று அழைத்து, விசேஷமும் கேட்டாயிற்று. டீச்சராம். என் வீட்டிலேயே பதினெட்டு நாளாக வந்தவர்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை, போனவர்கள் போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. அது தெரிந்தவள்தான் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர்தான் பெரிய மனதாக, “பரவால்லங்க. எங்கம்மாவும் யாரு வந்தாலும் வாங்கன்னுதான் கூப்புடும்” என்றார். சொன்னபிறகு அழுதார். நானும். காசி சத்தமில்லாமல் நூறு நாற்காலியை வண்டியில் ஏற்றிவிட்டார்.

அவர் போனதும் காசி மெல்ல ஆரம்பித்தார். “அண்ணன் யாரையும் வாங்கன்னு சொல்லாது டீச்சர். வர்றவங்க கல்யாணத்துக்கு வர்றாங்களா, சாவுக்கு வர்றாங்களான்னு நமக்கு எப்புடித் தெரியும்? எழுந்திரிச்சி நின்னு, ‘சொல்லுங்க’ம்பாரு. ரெண்டுக்கும் பொருந்தும்ல.”

கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

அதைச் சொல்லிச் சொல்லித்தானே முப்பத்தெட்டு வருடம் சண்டை! வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் எழுந்து நிற்பார். ‘சொல்லுங்க’ என்பார். என் அப்பா முதல் தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்தபோதும் ‘சொல்லுங்க’தான். அப்பா வாசலிலேயே நின்று, “என்னத்தச் சொல்ல? மக வீட்டுக்கு வந்தேன்” என்று கோபித்துக்கொண்டு போனார். மரியாதை தெரியாத ஆள், படிக்காத ஆள், வாங்க என்று ஒரு வார்த்தை வாயில் வராதா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். பிள்ளைகளுக்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாளாவது காரணம் சொல்லியிருக்கலாம். நானும் ஒரு நாளாவது கடையில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

ஆனால் ஒன்று. இத்தனை நாள் அழுத அழுகையில் இவர் செத்துப்போனவராக இருந்தார். இன்று அழுதபோது கடைக்குள் எழுந்து நிற்கிற ஆளாகத் தெரிந்தார். சாயங்காலம் பசித்தது. தோசை மூன்று.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் தூறல். களத்தில் நெல் கிடக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்.

மறுபடி கடை. விற்கத் துடைக்கிறேனா, வைத்துக்கொள்ளத் துடைக்கிறேனா, எனக்கே தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தார். எழுந்து நின்றேன். “சொல்லுங்க.” பழக்கமில்லாத வாயில் தடுக்கித்தான் வந்தது.

திருவேட்டக்குடி செல்வி. கல்யாணப் பெண்ணின் அம்மா. காசி சேதி சொல்லவே இல்லையாம், திருட்டு மனுஷன். “அண்ணன் எறந்துட்டாருன்னு நேத்துதான் தெரியும். சாமானு வருமா வராதான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

உண்மையைச் சொன்னேன். எனக்கு முப்பது நாள்கூட ஆகவில்லை. தாலி இறங்கியவள் கையால் கல்யாணச் சாமான் எடுத்துக் கொடுத்தால் உங்கள் ஜனம் ஏதாவது சொல்லும். வேறு கடையில் நானே பேசித் தருகிறேன்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “டீச்சர், எம்புருசன் கடலுக்குப் போயித் திரும்பாம ஒம்போது வருசம் ஆவுது. மீன் வித்துத்தான் பொண்ண ஆளாக்குனேன். தாரை வார்க்க என் தம்பிதான் நிக்கிறான். ஆனா கல்யாணம் பண்றது யாரு? நான். நீங்க குடுத்தா ஆவாதுன்னா, நான் பெத்ததும் ஆவாதுல்ல?”

கடை நோட்டை எடுத்தேன்.

தருகிறேன் என்றேன். பெரிய அண்டா 5, தேக்சா 8, நாற்காலி 300, மற்றதெல்லாம் காசி அறிவார். “நீங்களும் வரணும்” என்று வெற்றிலை பாக்கு வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

அருளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை பஸ்ஸில் வருகிறான்.

ஜனவரி 24, சனி

அருள் நேரே கடைக்கு வந்தான். டெம்போவில் பாதி சாமான் ஏறியிருந்தது.

“எடைக்காரர் திங்கக்கிழமைதானேம்மா? அதுக்குள்ள எங்க போவுது?”

கல்யாணத்துக்கு என்றேன். முகம் சுருங்கியது. அப்பாவைப் போல மூட்டு தேய ஓடப்போகிறாயா, உனக்கு என்ன தெரியும் இந்தத் தொழிலில், விழுந்தால் யார் பார்ப்பது. எல்லாம் நியாயமான கேள்வி. கோபமில்லை, பயம். அவனுக்கும் அப்பா போய் அதே நாள்தானே ஆகிறது.

“ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கிட்டேண்டா. மிச்சத்தையும் தெரிஞ்சுக்குவேன்” என்று சொல்லி, வியாழக்கிழமைக் கதையைச் சொன்னேன். அருள் டெம்போ படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் மாமனார் வீட்டார் முதல் தடவை வந்தபோதும் அப்பா ‘சொல்லுங்க’ என்றார். அதற்காக இவன் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டு அண்டாவுக்கு ஒரு பக்கம் பிடித்தான். காசி மறுபக்கம்.

காசி: “தம்பி, முதுக வளைக்காம முட்டிய மடக்குங்க. ஆமா, அப்புடித்தான்.”

மூன்று நடை. இரவு அவனுக்கு இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டேன். எடைக்காரரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

காலை முதல் பூசை முடித்து, இவருடைய பைக்கில் அருள் ஓட்டத் திருவேட்டக்குடி. கடல்காற்று, மைக் செட், வெயில் நல்ல வெயில். கடைசி வரிசையில் உட்கார்ந்து சாமானை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

செல்வி விடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் கையைப் பிடித்து முதல் பந்திக்கு இழுத்துப் போனார். யாரோ ஒரு கிழவர் ஏதோ முணுமுணுத்தார். “அவங்க அண்டாவுலதான் பெரியப்பா ஒங்க சோறு வேவுது” என்று செல்வி ஒரே போடு.

அருள் என் பக்கத்து இலை. காய், கூட்டு, அப்பளம், சோறு. நான் இரண்டாம் முறையும் சோறு வாங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தான். காசி தூரத்தில் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பொண்ணின் சித்தி ஒருத்தி என்னிடம் குனிந்து, “வைகாசியில எங்க வூட்லயும் இருக்கு டீச்சர், சாமானு இப்பவே சொல்லி வச்சிரட்டா?” என்றாள். சொல்லி வையுங்கள் என்றேன்.

அருள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக:

“அம்மா, நாளைக்கு எடைக்காரர் வந்தா என்ன சொல்றது?”

“நீதானே வரச் சொன்ன. நீயே போகச் சொல்லு.”

ரசம் வந்தது. இரண்டு பேரும் கையை ஏந்தினோம்.